றப்பர் படகை எழும்ப வைத்தவள்

மாரி மழை இறங்கியதும் என் மனைவி கதிரையில் இருந்து இடது காலைத் தூக்கிக் கணுக்காலைத் தடவிப் பார்ப்பாள். அங்கே பழைய காயம் ஒன்று கறுத்துக் கிடக்கிறது. தடவிவிட்டு, "அவள் இப்ப எங்கை நிக்கிறாளோ" என்பாள். யாரைச் சொல்கிறாய் என்று நான் கேட்பதில்லை. அந்தக் கால் இன்றைக்கும் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்து திரிகிறதென்றால், அதற்கு ஒரு றப்பர் படகும், அதன் பின்னால் கொழுவியிருந்த சின்ன எஞ்சினும், அந்த எஞ்சினுக்கு வேகம் ஏற்றிய ஒருத்தியும்தான் காரணம்.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது கேள்விப்பட்டு, "பேர் என்னத்துக்கு, வண்டியண்ணை? அதையும் இறக்கி வையுங்கோ" என்பாள். எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் தொப்பை. என் தொப்பையை அண்ணை போட்டு மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். வயதில் எனக்குத் தங்கச்சி முறை, ஆகையால் அவள் என்றே எழுதுகிறேன். ஊரில் மற்றவர்கள் அவா என்பார்கள். சின்னவர்களுக்கு எஞ்சின் அக்கா.

நான் களப்பங்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர் வாயில் வருகிற நல்ல சொல்லில் எனக்கு ஒரு பைத்தியம். யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனால், கிளாஸ் கழுவும்போதெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி நான் சேர்த்து வைத்தவற்றில் பாதிக்கு மேல் அவளுடையவை.

அவளுக்கென்று ஒரு கேள்வி இருந்தது. "இது என்னத்துக்கு?" எதைப் பார்த்தாலும் முதலில் அதுதான். மீள்குடியேறி வந்த புதிதில் ஒருநாள் கடைக்கு வந்தாள். தேத்தண்ணி குடிக்கும் நேரமெல்லாம் என்னுடைய மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பூட்டியிருந்த இரும்புப் பெட்டியைக் காட்டி, இது என்னத்துக்கு என்று கேட்டாள். வாங்கும்போதே இருந்தது என்றேன்.

"வாங்கேக்கை இருந்ததெல்லாத்தையும் சாகுமட்டும் கொண்டு திரியிறதோ அண்ணை?"

பதில் சொல்வதற்குள் இடுப்பில் செருகியிருந்த, நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துக் கழற்றத் தொடங்கிவிட்டாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அன்று பின்னேரம், வழக்கமாக நான் இறங்கி உருட்டுகிற மணல் திட்டியில் மோட்டார் சைக்கிள் என்னையும் ஏற்றிக்கொண்டு தானாக ஏறியது. அடுத்த நாள் அவளுடைய தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தாள். "காசை இறக்கிறதெண்டால் இறக்குங்கோ. முதல்லை சீனியை இறக்குங்கோ."

அவளுடைய வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டின சின்ன வீடு. உள்ளே போனவர்கள் வெளியே வந்து இரகசியம் சொல்வதுபோலப் பேசுவார்கள். ஒரு பாய், ஒரு கோப்பை, ஒரு சட்டி, இரண்டு உடுப்பு. அலுமாரி இல்லை. கதிரை இல்லை. யாராவது போனால் அந்தப் பாயையே விரித்துவிட்டு அவள் நிலத்தில் இருப்பாள். அதைவிட எங்களுக்கு விசித்திரமாக இருந்தது, கதவுக்குப் பின்னால் பை இல்லாததுதான்.

எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பை தொங்கும். ஓடித்திரிந்த காலத்தில் பழகியது. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இரண்டு படம், ஒரு துவாய். எங்கே ஓடினாலும் கை முதலில் அதைத் தூக்கும். சண்டை முடிந்து இத்தனை வருடம் ஆகியும் ஒருவரும் அதை அவிழ்த்து அலுமாரியில் அடுக்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போகிறபோதும் பையோடு போகிற ஆட்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பையில் எங்கள் மூத்தவளின் படம் இருக்கிறது. அவளுக்கு ஆறு வயதில் எடுத்தது. வேறு படம் இல்லை. இனி எடுக்கவும் முடியாது.

எஞ்சின்காரியின் வீட்டில் மட்டும் அந்தப் பை இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்குள் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. எஞ்சின் வேலை எங்கே பழகினாய் என்பதும் அதில் ஒன்று. கடைக்கு வந்த ஒரு வெளியூர்க்காரர் அதை அறியாமல் கேட்டுவிட்டார். அவள் கிளாஸை வைத்துவிட்டு, "தண்ணியிலை" என்றாள். அவ்வளவுதான்.

வலது தோளில் அவளுக்கு இரும்புத் துண்டுகள் கிடந்தன. ஷெல் துண்டு. எடுத்தால் கை போய்விடும் என்று டாக்டர்மார் விட்டுவிட்டார்களாம். அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டாள். எஞ்சின் கயிற்றை எப்போதும் இடது கையால்தான் இழுப்பாள். மழைக்குணம் பிடித்தால் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "மற்ற எல்லாம் இறக்கலாம் அண்ணை. உள்ளுக்கை கிடக்கிற இரும்பைத்தான் இறக்கேலாது."

அவளுடைய வேலைத்தலம் என் கடைக்குப் பக்கத்துப் பூவரசின் கீழே. தண்ணீர் நிரப்பின ஒரு பழைய பீப்பாய்தான் அங்கே பெரிய சொத்து. திருத்தின எஞ்சினை அதன் விளிம்பில் பூட்டி இயக்குவாள். பீப்பாய்த் தண்ணீர் கொதிக்கிறதுபோலப் புரளும். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "அழுகுது", "முனகுது", "இப்பதான் சிரிக்குது" என்று எஞ்சினின் குணத்தைச் சொல்வாள். சிரிக்கிற வரைக்கும் உரியவரிடம் கொடுக்க மாட்டாள்.

இனி றப்பர் படகுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கடலுக்கும், கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற களப்புக்கும் நடுவே கிடக்கிற ஒரு மண் துண்டு. பெருவெள்ளம் வந்தால் பாலமும் ரோட்டும் மூடிவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் களப்பைக் குறுக்கே கடந்து வற்றாப்பளைப் பக்கம் ஏறி, அங்கிருந்து வாகனம் பிடிக்க வேண்டும். பெரிய வள்ளங்கள் அந்த நேரம் உதவாது. வெள்ளம் மூடின வயல்களும் வேலிகளும் தாண்டித்தான் களப்பின் ஆழத்துக்கே போக முடியும், வள்ளம் பாதியில் தட்டி நின்றுவிடும். அதனால்தான் ஒரு நிவாரண அமைப்பு எங்கள் மீனவர் சங்கத்துக்கு அந்தச் சின்ன றப்பர் படகைத் தந்தது. காற்றடித்து ஊதுகிற படகு. பின்பலகையில் ஒரு சின்ன எஞ்சின். வந்த அன்று மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம்.

முதல் வெள்ளத்திலேயே அதன் குணம் தெரிந்துவிட்டது. நெஞ்சு நோவென்று ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் நின்ற நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். எஞ்சின் கத்துகிறது, படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது, ஆனால் போகிறதாகத் தெரியவில்லை. அக்கரையில் இறக்கியபோது பெரியவரிடம் மூச்சு இல்லை.

பிறகு சங்கக் கூட்டம். நான் அப்போது செயலாளர். எல்லோரும் பெரிய எஞ்சின் கேட்டு எழுதுவோம் என்றார்கள். தலைவர் எழுந்து களப்பின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். அவள் வாசலில் நின்றபடி, "தலைவர் அண்ணை, முன்னுரையை இறக்கிப்போட்டு வாங்கோ" என்றாள். கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் தான் நினைத்ததைச் சொன்னாள். அந்தப் படகுக்குப் பெரிய எஞ்சின் வைத்தால் அதன் பாரத்திலேயே பின்பக்கம் இன்னும் தாழும். இருக்கிற எஞ்சினே போதும், அது ஓடத்தான் நிற்கிறது, நாங்கள்தான் விடுவதில்லை.

"எஞ்சினுக்கு நான் ஒண்டும் கூட்டப் போறேல்லை. அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுகளை விடச் சொல்லப் போறன். அவ்வளவுதான்."

அடுத்த நாளே வேலை தொடங்கியது. எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் கடை பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். எஞ்சின் தண்ணீருக்குள் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கி நின்றதாம். அதுவே பாதி இழுவை என்றாள். பின்பலகையின் மேல் ஒரு பாலை மரக் கட்டையைச் சீவி வைத்து எஞ்சினை உயர்த்தினாள். அந்த வேலை முழுவதிலும் அவள் புதிதாகச் சேர்த்தது அந்த ஒரு கட்டை மட்டும்தான். எஞ்சினின் சாய்வைப் பிடிக்கிற ஆணியை ஒரு துளை மாற்றி, அதன் காலைப் படகுப் பக்கமாக உள்ளே தள்ளிப் பூட்டினாள், அப்படிச் செய்தால் படகின் மூக்கு தாழுமாம். தண்ணீருக்குள் சுற்றுகிற காத்தாடியின் இதழில் கல்லில் பட்ட பல் பல்லான காயங்கள் இருந்தன. அரத்தால் ஒவ்வொரு இதழாகச் சீர்செய்தாள். பின்னால் கிடந்த பெற்றோல் தாங்கியை முன்னுக்குக் கொண்டுபோனாள். நங்கூரம், இரும்புப் பெட்டி, யாரோ போட்டு வைத்த இரண்டு செங்கல், எல்லாம் கரைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் "இது என்னத்துக்கு?"

காற்றை மட்டும் கல்லுப்போல அடிக்கச் சொன்னாள். தொய்ந்த படகு தண்ணீரில் வளைந்து வளைந்து போகும், எஞ்சின் தள்ளுவதை எல்லாம் அந்த வளைவே தின்றுவிடும் என்பது அவள் கணக்கு. அந்தப் பம்பை மிதித்தவன் நான். தொப்பையைக் குறைக்க அவள் கண்டுபிடித்த வழி என்று கடையில் கதை பரவியது.

மிச்சமிருந்தது எஞ்சினின் உள்வேலை. மூடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கை வைக்காமல் நின்றாள். பிறகு எனக்குக் காட்டினாள். காற்றும் பெற்றோலும் போகிற வாயில் ஒரு சின்னத் தட்டு. ஒரே எஞ்சினைத்தான் கொம்பனிக்காரர் இரண்டு விலைக்கு விற்கிறார்களாம். குறைந்த விலைக்காரருக்கு இந்தத் தட்டை வைத்து மூச்சை அடைத்துவிடுவார்கள். எடுத்தால் எஞ்சின் முழு மூச்சு விடும்.

"எடுங்கோவன்" என்றேன்.

"எடுத்தால் கேப்பினம், அண்ணை."

யார் கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கரையில் ஒருத்தி ஒரு சின்னப் படகுக்கு வேகம் ஏற்றுகிறாள் என்றால் அதைக் கேட்க ஆள் வரும் என்பது எனக்கும் தெரியும். அதுவும் சண்டைக் காலத்தில் தண்ணியில் எஞ்சின் பழகிய அவள் செய்தால். அவளுக்கு அது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதும் தெரியும். அப்படியென்றால் விடுவோம், கட்டையும் காற்றும் செய்தது போதும் என்றேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த மனிசனுக்காக ஒருத்தரும் வந்து விசாரிக்கேல்லையே" என்றாள். சாவியை எடுத்துக் கழற்றினாள்.

பரீட்சை ஓட்டத்துக்கு என்னைத்தான் ஏற்றினாள். இந்த வண்டியோடு எழும்பினால் எந்த வண்டியோடும் எழும்பும் என்பது அவள் நியாயம். எழும்புவது என்றால், ஒரு வேகத்துக்கு மேல் படகு தண்ணீரை உழுவதை விட்டுவிட்டு அதன் மேலே ஏறி ஓடுவது. அது ஏறாத வரைக்கும் எவ்வளவு கத்தினாலும் பெரியவரைக் கொண்டுபோன வேகம்தான். கயிற்றை இடது கையால் இழுத்தாள். படகு மூக்கைத் தூக்கியது. வானம் மட்டும் தெரிந்தது. "வண்டியை முன்னுக்குக் கொண்டு போங்கோ" என்று கத்தினாள். நான் நாலு காலில் தவழ்ந்து முன்னுக்குப் போனேன். திடீரென்று மூக்கு இறங்கியது, எஞ்சினின் முனகல் மாறியது, அடியில் தண்ணீர் இருப்பதே தெரியாமல் பட்டுத் துணியை இழுத்ததுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் சிரித்ததோ தெரியாது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அறிய அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு சங்கத்து ஆட்கள் சிலருக்கும் எனக்கும் கைபிடியைத் தந்து ஓட்டவிட்டாள். சட்டம் ஒன்றும் சொல்லித் தந்தாள். இரண்டு பேர் என்றால் எப்படியும் எழும்பும். மூன்றாவது ஆள் மெலிந்தவராக இருந்து, முன்னுக்கு இருந்து, களப்பும் அமைதியாக இருந்தால் எழும்பும். இல்லையென்றால் எழும்பாது.

அவள் சொன்னபடியே கேட்க ஆட்கள் வந்தார்கள். சீருடை போடாமல், சாதாரண உடுப்பில் இரண்டு பேர். இரண்டு பேரும் நல்ல ஆகிருதி. என் கடையில் இருந்து பிளேன்ரீ குடித்தபடி, படகு வேகமாமே என்றார்கள். நான் கழுவின கிளாஸையே திரும்பவும் கழுவினேன். அவள் எழுந்து வந்து, ஏறிப் பாருங்கள் சேர் என்றாள். இரண்டு பேரையும் பின்பலகையோடு ஒட்டி இருத்தினாள். முன்னால் இருந்த பெற்றோல் தாங்கியைப் பணிவாகத் தூக்கி அவர்களுடைய காலடியில் வைத்தாள். தானும் பின்னால் இருந்துகொண்டு கைபிடியை முழுக்க முறுக்கினாள்.

படகு மூக்கை வானத்துக்குத் தூக்கியது. எஞ்சின் ஊரே கேட்கக் கத்தியது. கரையோரம் நடந்து வந்த ஒரு மாடு அவர்களைத் தாண்டிப் போனது. பின்பலகைக்கு மேலால் தண்ணீர் வந்து ஒருவருடைய சப்பாத்தை நனைத்தது, அவர் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அரை வட்டம் அடித்துக் கரைக்கு வந்தபோது அவள் மிகுந்த மரியாதையோடு, "சேர், இதுதான் இதின்ரை வேகம்" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு அந்தப் படகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும், இப்படிப் பச்சைப் பொய் சொல்லிவிட்டாயே தங்கச்சி என்றேன்.

"பொய்யோ? அவையோடை போனால் அதுதான் அண்ணை வேகம்."

இந்தச் சொல்லை நான் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று தெரியாது. அந்தச் சட்டம் எனக்கே வந்து நிற்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

அடுத்த மாரியில் பாலம் மூடிய இரண்டாம் நாள். மத்தியானம் கழிந்த நேரம். என் மனைவி குசினிக்குப் பின்னால் விறகு எடுக்கக் குனிந்தாள். வெள்ளத்துக்கு ஒதுங்கி விறகுக்குள் கிடந்த புடையன் பாம்பு கணுக்காலில் கொத்திவிட்டது. நான் ஓடிவந்து பார்க்கும்போது அவள் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். பாம்பின் அடையாளத்தைச் சரியாகச் சொன்னாள். கால் கண் முன்னாலேயே வீங்கியது. பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. போய்ச் சேருவதுதான் கேள்வி.

மனைவியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். அங்கே போன பிறகுதான் கண்டேன், என் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் கைகள் அப்படி.

பாலம் மூடிய நாள் முதல் எஞ்சின்காரி படகோடு தயாராகத்தான் நின்றாள். பையைப் பார்த்தாள். இது என்னத்துக்கு என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. வெள்ளம் மூடின வயல்களுக்குள்ளால் வேலிக் கம்பி எங்கே கிடக்கிறது, வரம்பு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்குக் கைரேகை. மெல்ல மெல்ல, முள்ளுக்கம்பி படாமல், எங்களை வெளியே கொண்டுவந்தாள். இறால் பிடிக்கக் களங்கட்டித் தடிகள் நட்டிருக்கிற இடம் வந்தது. அதற்கு அப்பால் வெறும் களப்பு. இனிமேல்தான் வேகம்.

கைபிடியை முறுக்கினாள். மூக்கு மேலே போனது. நான் முன்னுக்குத் தவழ்ந்தேன். இறங்கவில்லை. மழைத் தண்ணீர் படகுக்குள் கணுக்கால் அளவு நின்றது, அலை பக்கவாட்டில் அடித்தது, நான் வேறு. இன்னொரு தரம் முறுக்கினாள். எஞ்சின் கத்தியது, படகு உழுதது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நெஞ்சு நோவுக்காரரை ஏற்றிப்போன அன்று கரையில் நின்று கேட்ட சத்தம்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நான் பையைத் தோளிலிருந்து கழற்றினேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முயன்றேன். இரண்டு கையாலும் தூக்கினேன். மனைவி கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

எறியப் போகிற கையை எஞ்சின்காரி பிடித்துக்கொண்டாள்.

"அதை வையுங்கோ அண்ணை. அது பாரமில்லை."

"எழும்புதில்லையே" என்றேன்.

"ஓம். ஆள்தான் இறங்கவேணும். அதை அக்காவின்ரை தலைக்குக் கீழை வையுங்கோ."

அப்படியென்றால் நான் இறங்குகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நீங்கள் இறங்கினால் அக்கரையிலை அக்காவை ஆர் தூக்கிறது? இந்தத் தோள் எழும்பாதெண்டு தெரியும்தானே." என் கையைப் பிடித்து இழுத்து எஞ்சின் கைபிடியில் வைத்தாள். "இஞ்சை நெஞ்சளவுதான். தடி இருக்கு, பிடிச்சுக்கொண்டு நிப்பன். நீங்கள் அக்கரைக் கோயிலை நேரை பாத்துக்கொண்டு முறுக்குங்கோ."

அதற்கு மேல் பேச்சு இல்லை. மீன் நழுவுவதுபோலப் பக்கத்தால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். படகு ஒரு மூச்சு விட்டதுபோல உயர்ந்தது. நான் முறுக்கினேன். மூக்கு இறங்கியது. முனகல் மாறியது. பட்டுத் துணி இழுபடுகிற அந்தச் சத்தம். ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். மழைக்குள் தடிகளோடு தடியாக ஒரு தலை.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். வற்றாப்பளைக் கரையில் ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். சில நாள் பயப்படுத்திவிட்டு என் மனைவி கண் விழித்தாள். முதலில் கேட்டது, "அவளை ஆரும் போய் ஏத்தினவையோ?" என்பதைத்தான்.

ஏற்றியிருந்தார்கள். எங்கள் படகு திரும்பி வராததைக் கண்டு ஊர் ஆட்கள் ஒரு சின்ன வள்ளத்தைத் தடி ஊன்றி ஊன்றிக் கொண்டுபோனார்கள். நீரோட்டம் இழுக்க இழுக்க, இடது கையால் தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாளாம். உதடு நீலம் பாரித்துப்போய் இருந்ததாம். தூக்கி வள்ளத்தில் போட்டதும் ஒரே கேள்வி: "எழும்பிச்சுதோ?" எழும்பிப் போனதைத் தூரத்தில் கண்டோம் என்று சொன்னார்களாம். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வள்ளத்தின் அடியில் சுருண்டு படுத்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியால் வந்ததும் என் மனைவி கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி அவளிடம் போனாள். அவளுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. இருந்த ஒரே கோப்பையில் இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்திருக்கிறார்கள். எல்லாரையும் இறக்கு இறக்கு என்கிறவள் அந்தப் பையை ஏன் எறிய விடவில்லை என்று என் மனைவி கேட்டாளாம். கேட்கக் கூடாத கேள்விதான். பாம்பு கடித்துப் பிழைத்தவளுக்கு அந்த உரிமை வந்துவிட்டது போலும்.

அவள் கூழைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாளாம்: "எனக்கும் ஒரு பை இருந்தது அக்கா. பாரமெண்டு இறக்கி வச்சிட்டு வந்தனான்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என் மனைவி வெகு நேரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் கூட நின்று அடுக்கினேன்.

அதற்கு அடுத்த வருடம் அவள் ஊரை விட்டுப் போனாள். மன்னார்ப் பக்கம் எஞ்சின் திருத்துகிற இடமொன்றில் வேலை கிடைத்தது. போகிற அன்று ஊரே பஸ் தரிப்பிடத்தில் நின்றது. பனங்கட்டி, கருவாடு, மிளகாய்த்தூள், ஒரு மூடை புழுங்கலரிசி. தலைவர் முன்னுரையோடு வந்திருந்தார். அவள் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், எல்லாப் பொதியையும் திருப்பிக் கொடுத்தாள். "பஸ் எழும்பாது" என்றாள். தலைவர்கூடச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவளிடம் ஒரு பொலித்தீன் பையில் இரண்டு உடுப்பும், துணியில் சுற்றின சாவிகளும் மட்டும் இருந்தன.

கடைசியாக என் மனைவி கிட்டப் போனாள். அவள் கையில் ஒரு துணிப்பை. எங்கள் வீட்டுப் பையின் அளவில், நல்ல தடித்த சீலையில், தோளில் கொழுவ அகலமான பட்டி வைத்து, தன் கையால் தைத்தது. எஞ்சின்காரி வாங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"வெறும் பையோ, அக்கா?"

"ஓம் பிள்ளை. வெறும் பைதான்."

அந்தக் கேள்வி வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். பிறகு இரும்பு இல்லாத தோளில், இடது தோளில், அதைக் கொழுவிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினாள்.

றப்பர் படகு இப்போதும் சங்கத்தில் இருக்கிறது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறோம். பாலைக் கட்டை அப்படியே இருக்கிறது. மாரி பிறந்தால் கல்லுப்போலக் காற்றடித்து வைப்பது என் வேலை.

நேற்றும் மழை. என் மனைவி கதிரையில் இருந்து கணுக்காலைத் தடவினாள். அவள் இப்ப எங்கை நிக்கிறாளோ என்றாள். பிறகு, வழக்கத்தில் இல்லாதபடி இன்னொன்றும் கேட்டாள்.

"அந்தப் பைக்குள்ளை இப்ப ஏதாவது வச்சிருப்பாளோ?"

நான் கதவுக்குப் பின்னால் தொங்குகிற எங்கள் பையைப் பார்த்தேன்.

"வச்சிருப்பாள்" என்றேன்.